வெறுப்புச் செய்தியை முளையிலேயே பிடிக்கவும் அண்டை வீட்டாரைச் சேர்த்து உட்கார வைக்கவும் செயற்கை நுண்ணறிவு: கோலாலம்பூர் குடியிருப்புக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 26 அதிகாலையில் சுபாங் ஜெயா சீஃபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் நடந்தது, நிலத் தகராற்றை ஒட்டிய அத்துமீறல். சில மணி நேரத்துக்குள் அது இனக் கலவரம் என்ற பெயரில் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருந்தது. இது இனப் பிரச்சினை அல்ல என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனாலும் மறுநாள் பின்னிரவில் தீயணைப்பு வீரர் முகமட் அடிப் அங்கே படுகாயமடைந்தார். டிசம்பர் 17 அன்று உயிர் பிரிந்தது.

செய்தி கிளம்புவதற்கும் உண்மை வந்து சேர்வதற்கும் இடையிலான அந்தச் சில மணி நேரத்தில் ஒரு குடியிருப்பு என்ன செய்ய முடியும் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறோம். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் போன்ற இடங்களில் உள்ள பிபிஆர் (அரசு மக்கள் வீட்டுத்திட்ட) அடுக்குமாடிகளின் குடியிருப்போர் சங்கங்கள், ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் காவல்) குழுக்கள், ஆலய இளைஞர் பிரிவுகள், சூராவ் (சிறு தொழுகையிடம்) குழுக்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பயங்கரவாதிகளைத் தேடிப் பிடிப்பது காவல்துறையின் வேலை. அதற்கு இந்த முறை உதவாது, உதவவும் கூடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கணினி செய்வது பெரும்பாலும் தரம் பிரிப்பது, தொகுப்பது, மொழிபெயர்ப்பது, இந்த மூன்றும்தான். எது வெறுப்பு என்று முடிவெடுப்பதும், எழுந்து பேசுவதும் அந்தக் குடியிருப்பில் முகம் தெரிந்த மனிதர்களின் வேலை. இந்த முறையில் பெரும்பகுதி நேரம் கணினி முன்னால் கழியாது. மலாய்க்காரர், சீனர், தமிழர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு செய்தியைப் பற்றி வாதாடுவதில்தான் கழியும். அந்த மேசையைத் தவிர்த்துவிட்டு மென்பொருளை மட்டும் ஓட்டினால் பலன் கிடைக்காது.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று எழுதி வையுங்கள்

மென்பொருளைத் தொடும் முன் ஒரு தாளில் மூன்று வகைகளை எழுதுங்கள்.

முதல் வகை: முரட்டுப் பேச்சு. திட்டு, கிண்டல், கோபம். காதுக்கு இனிக்காது, ஆனால் இது நம் வேலை இல்லை. குழு நிர்வாகி பார்த்துக்கொள்வார்.

இரண்டாம் வகை: ஓர் இனத்தையோ மதத்தையோ மொத்தமாக இழிவுபடுத்துவது. விலங்காக, நோயாக, வந்தேறியாகச் சித்திரிப்பது, அவர்களிடம் வாங்காதே, அவர்களைச் சேர்க்காதே என்பது.

மூன்றாம் வகை: வன்முறைக்கு அழைப்பது, மிரட்டுவது, ஆயுதக் குழுவைப் போற்றி ஆள் சேர்ப்பது.

இவற்றுக்கு வெளியே இருப்பதையும் எழுத வேண்டும். குறை சொல்வது தீவிரவாதம் அல்ல. ஆலயத்தை இடமாற்றக் கூடாது என்று கேட்பது, குடியுரிமைப் பத்திரம் கிடைக்கவில்லை என்று குமுறுவது, ஒரு கொள்கையைக் கடுமையாக எதிர்ப்பது, தன் மதமே மேல் என்று நம்புவது எல்லாம் குடிமக்களின் பேச்சு. மலேசியத் தமிழர்களுக்கு இந்த எல்லைக்கோடு அந்நியமானது அல்ல. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பேரில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சிறப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் அனைவர் மீதான வழக்கையும் சட்டத்துறைத் தலைவர் கைவிட்டார். தலைவர் ஒருவரின் படத்தைக் கைப்பேசியிலோ முகநூலிலோ வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. சட்டத்துறையே தயங்கி நின்ற இடத்தில் ஒரு மென்பொருள் தயங்காமல் முத்திரை குத்தும். அதனால்தான் இந்தத் தாள் முதலில் வருகிறது.

நியாயமான மனக்குறையைத் தீவிரவாதப் பெட்டியில் போட்டால், எவரோடு பேச வேண்டுமோ அவரையே இழப்பீர்கள்.

படி 2: ஒட்டுக்கேட்காதீர்கள், ஒரு முறையீட்டு எண்ணைத் திறவுங்கள்

புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் உள்ள உரையாடலை யாருக்கும் தெரியாமல் பதிவிறக்கி ஆராயலாம் என்று முதலில் தோன்றும். புலனத்தில் அப்படிச் செய்தால் மற்ற உறுப்பினர்களுக்கு அறிவிப்பும் போகாது. ஆனாலும் செய்யாதீர்கள். ஒருமுறை வெளியே தெரிந்தால் அந்தக் குடியிருப்பில் உங்கள் பேச்சு எடுபடாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையையும் அரசியல் கருத்தையும் உணர்வுநுட்பமான தரவு என்று தனியே வகுக்கிறது. அந்தச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது என்றாலும் தன்னார்வக் குழுவும் அதே அளவுகோலைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அதற்குப் பதில் ஒரு பழைய கைப்பேசி, ஒரு பிரீபெய்டு சிம், புலனத்தில் ஒரு பொது எண். மின்தூக்கி அருகில், சூராவ் அறிவிப்புப் பலகையில், கோயில் மண்டபத்தில், காப்பிக்கடைச் சுவரில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் ஒரே தாளை ஒட்டுங்கள்:

"உங்களைச் சங்கடப்படுத்திய, பயமுறுத்திய, நம்பலாமா என்று தோன்றிய செய்தியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். அனுப்பியவர் பெயரைப் பதிவு செய்ய மாட்டோம். வந்த செய்தியை 90 நாளில் அழித்துவிடுவோம், பெயரும் எண்ணும் நீக்கிய பிரதி மட்டும் கருவியைப் பழக்க இருக்கும். பதில் தேவை என்றால் பதில் வரும்."

ஒரு எச்சரிக்கை மிக முக்கியம். பயங்கரவாதக் குழுக்களின் காணொலி, கையேடு, கொடிப்படம் போன்றவற்றை வைத்திருப்பதே குற்றவியல் சட்டம் 130ஜேபி பிரிவின்கீழ் குற்றமாகலாம். ஆராய்ச்சிக்காக வைத்திருந்தேன் என்று ஒரு தன்னார்வலர் சொல்லித் தப்ப முடியும் என்று எண்ண வேண்டாம். அப்படி ஒன்று எண்ணுக்கு வந்தால் சேமிக்காதீர்கள், குழுவுக்குள் பகிராதீர்கள். எப்போது, எந்தத் தளத்தில் சுற்றுகிறது என்பதை எழுதிக்கொண்டு காவல்துறையிடம் கொடுங்கள்.

படி 3: ஆட்கள்

6 முதல் 8 பேர் போதும். தமிழ், மலாய், சீனம் ஒவ்வொன்றிலும் இருவர். சீனம் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, எழுத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) வாசிக்கக்கூடிய ஒருவர் இருந்தால் பெரிய உதவி. பதின்ம வயதினரின் டிக்டாக் மொழி புரிந்த 25 வயதுக்கு உட்பட்ட ஒருவரையும், 1969 மே 13 இனக்கலவரத்தை வீட்டுப் பேச்சில் கேட்டு வளர்ந்த மூத்தவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சொல் இவ்விருவர் காதிலும் வேறு வேறாக விழும்.

தமிழ் முஸ்லிம் ஒருவர் இருந்தால் எல்லாப் பாலத்தையும் அவர் தலையில் கட்டிவிடும் பழக்கம் உண்டு. அது அவருக்குச் சுமை. அவரும் குழுவில் ஒருவர், அவ்வளவுதான்.

படி 4: 600 செய்திகள், ஒரு மேசை

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். அவசரப்படாதீர்கள். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்று ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

மொத்தம் 600 செய்திகளைச் சேகரியுங்கள். தமிழ் 200, மலாய் 200, சீனமும் ஆங்கிலமும் சேர்ந்து 200. முறையீட்டு எண்ணுக்கு வந்தவை, பொதுவெளியில் செய்திப் பக்கங்களின்கீழ் வந்த பின்னூட்டங்கள் என இரண்டு ஊற்றுகளும் வேண்டும். பாதியாவது சாதாரணப் பேச்சாக இருக்க வேண்டும். வெறுப்பை மட்டுமே காட்டிப் பழக்கினால் கணினிக்கு எல்லாமே வெறுப்பாகத் தெரியும். பெயர், தொலைபேசி எண், வீட்டு எண், வாகன எண் அனைத்தையும் நீக்கிய பிறகே அட்டவணையில் ஏற்றுங்கள்.

அட்டவணையில் ஐந்து பத்திகள்: செய்தி, மொழி, யாரைக் குறிவைக்கிறது, வகை, காரணம். காரணத்தை ஒரு வரியில் எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொரு செய்தியையும் மூன்று சமூகத்தைச் சேர்ந்த மூவர், ஒருவர் போட்டதை மற்றவர் பாராமல், வகைப்படுத்த வேண்டும். அடுத்த மொழிச் செய்திக்குக் கணினி மொழிபெயர்ப்பும், அந்த மொழிக்காரர் திருத்திய மொழிபெயர்ப்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் வாரம் முடிவுகளை ஒப்பிட்டால் திகைப்பாக இருக்கும். திகைக்க வேண்டாம், அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். "பிடிக்கலன்னா வந்த கப்பல்லயே திரும்பிப் போக வேண்டியதுதானே" என்ற பொருளில் மலாயில் ஒரு பின்னூட்டம். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. மலாய் இளைஞர் இதை முதல் வகையில் போடுவார், வாய்ச்சண்டையில் சொல்லும் வழக்கமான வரிதானே என்பார். சீனரும் தமிழரும் இரண்டாம் வகையில் போடுவார்கள். தாத்தா காலத்திலிருந்து இங்கே பிறந்து வளர்ந்தவரின் குடியுரிமையையே இல்லையென்று சொல்லும் வரி அது. அடுத்த செய்தி தமிழில்: நோன்பு மாதத்தில் பன்றி இறைச்சியை வைத்து ஒரு கேலிப்படம். தமிழர் சிரித்துக்கொண்டே முதல் வகை என்பார். பக்கத்தில் இருக்கும் மலாய்க்காரரின் முகம் மாறும். அதற்கடுத்தது காவடியாட்டத்தைப் போலச் செய்து காட்டும் ஒரு காணொலியின் கீழ் வந்த சிரிப்புக் குறிகள். இப்போது முகம் மாறுவது தமிழருக்கு.

ஒவ்வொருவரும் தன் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேரம் கொடுங்கள், யாரும் குறுக்கே பேச வேண்டாம். பெரும்பான்மை வாக்கு எடுத்து முடித்துவிடாதீர்கள். எந்தச் சமூகம் குறிவைக்கப்பட்டதோ அதன் வாதத்துக்குக் கூடுதல் எடை என்று முன்கூட்டியே விதி போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் ஒத்துவராத செய்தியை 'பிரச்சினைக்குரியது' என்று தனியே வையுங்கள். கணினிக்கு அதைக் காட்ட வேண்டாம்.

வேற்று இனத்தாருக்கு இடையிலான பழக்கம் எப்போது தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, சேர்ந்து உழைப்பது, அமைப்பின் ஆதரவு. பண்டிகைத் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போய் கெத்துப்பாட் (அரிசிக் கட்டி) சாப்பிட்டு வருவதில் இந்த நான்கும் பெரும்பாலும் கூடிவருவதில்லை. 600 செய்திகளை வகைப்படுத்தும் மேசையில் கூடிவருகின்றன. நம் ஊரில் நல்லிணக்க நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. சேர்ந்து முடிக்க வேண்டிய கடினமான வேலைதான் குறைவு.

மூவரும் ஒரே வகை போட்ட செய்திகளின் விகிதத்தை வாரந்தோறும் கணக்கிடுங்கள். கணக்குத் தெரிந்தவர் இருந்தால் ஃப்ளைஸ் கப்பா என்ற ஒத்திசைவு அளவைப் போடலாம், அதில் 1 என்றால் முழு ஒத்திசைவு. அது 0.6ஐத் தாண்டும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் கணினி எதைக் கற்கும்?

படி 5: எந்தக் கணினி, எந்த மாதிரி

16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். 800 கோடி அளவுருக்கள் (கற்றதைத் தாங்கும் எண்கள்) கொண்ட மொழி மாதிரி (எழுத்தைப் படித்து விடை தரும் நிரல்) ஒன்றை 4 பிட் அளவுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 5 ஜிபி இடம் பிடிக்கும். ஒல்லாமா போன்ற இலவச மென்பொருள் வழியாக அதை இணையம் இல்லாமலே ஓட்டலாம். இணையம் இல்லாமல் ஓட்டுவதையே பரிந்துரைக்கிறோம். அக்கம்பக்கத்தார் நம்பி அனுப்பிய செய்தி உங்கள் மேசையை விட்டு வெளியே போகாது.

மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது மலாயும் தமிழும் தெரியுமா என்று பாருங்கள். ஏஐ சிங்கப்பூர் வெளியிட்ட சீ-லயன் குடும்பம் தென்கிழக்காசிய மொழிகளுக்காகப் பழக்கப்பட்டது, அவற்றில் இவ்விரண்டும் உண்டு. கூகுளின் ஜெம்மாவும் முயன்று பார்க்கத் தக்கது.

நிரல் எழுதத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் எக்ஸ்எல்எம்-ரொபர்ட்டாவை உங்கள் 600 செய்திகளில் சோதனைக்குப் பூட்டி வைக்கும் 200 போக (படி 6) மீதியால் மேலும் பழக்கலாம். 100 மொழிகளில் பழகிய மாதிரி அது, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழும் அதன் தரவில் உண்டு. தமிழ்-ஆங்கிலக் கலப்பு மொழிக்கு திராவிடியன் கோட்மிக்ஸ் என்ற பொதுத் தரவுத் தொகுப்பில் ஏறத்தாழ 44,000 யூடியூப் பின்னூட்டங்கள் இருக்கின்றன. தொடக்கத்துக்கு உதவும், அதையே நம்பிவிடாதீர்கள். அது திரைப்பட முன்னோட்டங்களின்கீழ் எழுதப்பட்ட தமிழ். மலாய்ச் சொல்லும் ஹொக்கியென் என்ற சீன வழக்குச் சொல்லும் ஊடாடி, முடிவில் 'லா' போட்டு நிற்கும் நம்மூர்த் தமிழ் அதில் கிடைக்காது.

நிரல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கீழே உள்ள கட்டளையை எழுதி, அதன்கீழ் உங்கள் மேசை ஒத்துக்கொண்ட 20 செய்திகளைக் காரணத்தோடு உதாரணமாகச் சேர்த்தால் தொடங்கலாம்:

"நீ கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றின் நல்லிணக்கக் குழுவுக்கு உதவுகிறாய். கீழுள்ள செய்தியைப் படி. முதலில் அதன் பொருளை எளிய தமிழில் ஒரு வரியில் சொல். யாரைக் குறிவைக்கிறது என்று சொல். 0, 1, 2, 3 என்ற வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு, 0 என்றால் சாதாரணப் பேச்சு, 1 என்றால் முரட்டுப் பேச்சு, 2 என்றால் ஓர் இனத்தையோ மதத்தையோ மொத்தமாக இழிவுபடுத்துவது, 3 என்றால் வன்முறைக்கு அழைப்பது, மிரட்டுவது, ஆயுதக் குழுவுக்கு ஆள் சேர்ப்பது. எந்தச் சொற்களை வைத்து முடிவெடுத்தாய் என்பதைச் செய்தியிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டு. ஒருவர் வெறுப்புப் பேச்சைக் கண்டிப்பதற்காக மேற்கோள் காட்டினால் அது வெறுப்பு அல்ல. அரசையோ கொள்கையையோ விமர்சிப்பது வெறுப்பு அல்ல. உறுதியாகத் தெரியாவிட்டால் 'மனிதர் பார்க்கட்டும்' என்று எழுது."

வெப்பநிலை (விடை எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது) என்ற அமைப்பை 0இல் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே செய்திக்குக் காலையில் ஒரு விடை, மாலையில் ஒரு விடை வரும். பொருளை முதலில் சொல்ல வைப்பதற்கும் காரணம் உண்டு. அந்த ஒரு வரியைப் பார்த்தாலே கணினி செய்தியைத் தப்பாகப் படித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

படி 6: சோதனை, கணக்கு, வழக்கமான பிழைகள்

600இல் 200 செய்திகளைத் தொடக்கத்திலேயே எடுத்துப் பூட்டி வையுங்கள். அவற்றைக் கணினிக்கு உதாரணமாகக் காட்டவே கூடாது, சோதனைக்கு மட்டும்.

சோதனையில் 10 வெறுப்புச் செய்திகளில் 9ஐப் பிடிக்கிறது, சாதாரணச் செய்திகளில் 100க்கு 5ஐத்தான் தவறாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல கருவி போலத் தோன்றும். இதை 10,000 பொதுப் பின்னூட்டங்கள் மேல் ஓட்டுங்கள். அவற்றில் உண்மையான வெறுப்பு 50 என்றால் 45 பிடிபடும். மீதி 9,950இல் 5 விழுக்காடு, அதாவது சுமார் 498 அப்பாவிச் செய்திகளும் சேர்ந்து மாட்டும். கணினி கைகாட்டிய 543 செய்திகளில் உண்மையான வெறுப்பு 12இல் ஒன்றுகூட இல்லை.

அதே கருவியை முறையீட்டு எண்ணுக்கு வந்த 300 செய்திகள் மேல் ஓட்டுங்கள். மக்கள் ஏற்கெனவே சலித்து அனுப்பியதால் 60 உண்மையானவை என்று கொள்வோம். 54 பிடிபடும், தவறாக மாட்டுவது 12. 66இல் 54, அதாவது ஐந்தில் நான்குக்கும் சற்று மேல் சரி. ஒட்டுக்கேட்பதைவிட முறையீட்டு எண் நல்லது என்பதற்கு நன்னெறி மட்டும் காரணம் அல்ல, கணக்கும்தான்.

இனி பிழைகள். இந்தியரை இழிவாகக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல்லைக் கண்டதும் வசைச்சொல் என்று கொடி தூக்கும். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு வழி கேட்டவரும் மாட்டுவார். மலாயில் 'கிலா பாபி' என்பது பேச்சு வழக்கில் 'ரொம்ப' என்ற அழுத்தம்தான், பன்றி என்ற சொல்லைப் பார்த்துக் கணினி மத அவமதிப்பு என்றுவிடும். தமிழில் "பாட்டுல கொன்னுட்டான்" என்பது பாராட்டு, கொலை மிரட்டலாகப் பதிவாகும். எதிர்ப்பக்கத்தில், கண்ணியமான நடையில் எழுதிய வெறுப்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். "அவர்கள் அனைவரும் தீயவர்கள் அல்லர், ஆனால்..." என்று தொடங்கும் நீண்ட கட்டுரைகளைக் கட்டாயம் மனிதர் படிக்க வேண்டும். ஆபத்தானவை பெரும்பாலும் அவைதான்.

குரல்பதிவை எழுத்தாக்க விஸ்பர் போன்ற இலவசக் கருவி உண்டு. அது முதல் 30 வினாடியைக் கேட்டு மொழியை முடிவு செய்யும். தமிழில் தொடங்கி மலாய்க்கு மாறும் பேச்சில் பிற்பகுதி குழம்பிவிடும். 30 வினாடிக்குக் குறைவான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மொழியைக் கையால் குறிப்பிடுங்கள். படத்தில் உள்ள எழுத்தை டெசராக்ட் படிக்கும். ஜாவியையும் அலங்கார எழுத்துருவில் உள்ள தமிழையும் நம்பிக் கொடுக்காதீர்கள்.

படி 7: வதந்தியைச் சரிபார்ப்பது

"இது உண்மையா?" என்று உரையாடல் கருவியிடம் கேட்காதீர்கள். இன்று காலை செந்தூலில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லும். செய்தியைத் துண்டு துண்டாக்க மட்டும் பயன்படுத்துங்கள்: யார், எங்கே, எப்போது, யார் நேரில் பார்த்தது, எந்தப் பகுதிக்கு ஆதாரமே இல்லை.

பிறகு கைவேலை. படத்தை கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் தேடுங்கள், பெரும்பாலும் வேறு நாட்டின் பழைய படம் வந்து நிற்கும். காணொலியை இன்விட்-விவெரிஃபை என்ற உலாவி நீட்சியில் போட்டால் முக்கியச் சட்டகங்களைப் பிரித்துத் தரும், ஒவ்வொன்றையும் தேடலாம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா என்ற உண்மை சரிபார்ப்புத் தளத்தைப் பாருங்கள். 2025 ஜனவரியில் அதே ஆணையம் அறிமுகப்படுத்திய ஐஃபா என்ற உண்மையறியும் உதவியாளர் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் பதில் தரும். தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் மைசெக் பக்கமும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட வேகமானது, சம்பவம் நடந்ததாகச் சொல்லும் இடத்தில் உள்ள ருக்குன் தெத்தாங்கா தலைவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த எண்களை இன்றே வாங்கி வையுங்கள், சம்பவம் நடந்த பிறகு தேட முடியாது.

படி 8: பதில் சொல்வது

உண்மையை முதல் வரியில் போடுங்கள். வதந்தியைத் தலைப்பாக்கிக் கேள்விக்குறி போட்டால் வதந்திதான் மனத்தில் தங்கும். "நேற்றிரவு கோயிலில் தீப்பிடித்தது மின்கசிவால், தீயணைப்புத் துறை உறுதி செய்தது" என்று தொடங்கி, பரவிய செய்தி தவறு என்பதை இரண்டாம் வரியில் ஒருமுறை மட்டும் சொல்லி, எங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று முடியுங்கள்.

நான்கு மொழி வரைவைக் கணினி ஒரு நிமிடத்தில் தரும். அப்படியே அனுப்பாதீர்கள். அதன் மலாய் அடிக்கடி இந்தோனேசிய மொழிக்கு நழுவும்: அலுவலகத்துக்கு 'கந்தோர்', காருக்கு 'மோபில்' என்று எழுதும். 'தேவை' என்பதற்கு இந்தோனேசியர் சொல்லும் 'புத்துஹ்' என்ற சொல் மலேசியாவில் ஆபாச வசை. நல்லிணக்க அறிவிப்பில் அது போனால் நிலைமை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் வரைவும் சென்னைச் செய்தித்தாள் போல இருக்கும், புலனம், அமைச்சு, சூராவ் என்று நம்மூர் வழக்குக்குத் திருப்புங்கள். ஒவ்வொரு மொழியையும் அந்த மொழிக்காரர் ஒருவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே அனுப்ப வேண்டும்.

யார் சொல்கிறார் என்பதும் சேர்ந்தே எடுபடும். தமிழ்க் குழுவில் பரவிய வதந்தியைத் தமிழர் மறுக்க வேண்டும், சூராவ் குழுவில் பரவியதை சூராவ் செயலாளர் மறுக்க வேண்டும். எதிர்முகாமிலிருந்து வரும் திருத்தம் தாக்குதலாகத்தான் கேட்கும்.

வெறுப்பைப் பகிர்ந்தவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். குழுவில் வைத்து அவமானப்படுத்தினால் அவர் தன் கருத்தோடு இன்னும் இறுகிப்போவார். 2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், சதிக்கதைகளை நம்பிய 2,190 அமெரிக்கர்கள் செயற்கை நுண்ணறிவோடு உரையாடினார்கள். அவர்களின் நம்பிக்கை சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. நம்பியவர் சொன்ன அதே காரணத்துக்கு, அதே விவரத்துக்கு, நேராகச் சான்று காட்டியதே அங்கே வேலை செய்தது. ஆனால் அவர்கள் தெரிந்தே ஆய்வில் சேர்ந்தவர்கள். எனவே பொய்ப் பெயரில் இயந்திரத்தைப் பேச விடாதீர்கள். பேசப் போகும் அண்ணனோ அக்காவோ அதற்கு முதல் நாள் கணினியோடு ஒத்திகை பார்க்கட்டும்: "அவர் இப்படிக் கேட்டால் என்ன சான்று இருக்கிறது?" சான்றுகளைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு, தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து முதல் பத்து நிமிடம் அவர் குறையைக் கேட்கட்டும்.

மிரட்டலில் ஆள், இடம், நேரம், ஆயுதம் என்று ஏதாவது ஒன்று குறிப்பாக இருந்தால் விவாதமே வேண்டாம், அவசர எண் 999ஐ அழையுங்கள். பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று தீவிரவாதத்தின் பக்கம் சாய்வதாகத் தெரிந்தால் முதலில் குடும்பம், பிறகு பள்ளி ஆலோசக ஆசிரியர். தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி 15999 எண்ணும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அரசு தொடங்கிய மைபிசிவிஇ என்ற வன்முறைத் தீவிரவாதத் தடுப்புச் செயல்திட்டம் தடுப்பில் சமூகத்துக்கும் பங்கு உண்டு என்கிறது. பள்ளியிடமோ மாவட்ட அதிகாரியிடமோ பேசும்போது அதைச் சுட்டிக்காட்டலாம்.

படி 9: சண்டை இல்லாத நாளில் செய்ய வேண்டியவை

குடியிருப்பில் நாள்தோறும் உரசுவது பெரிய கொள்கைகள் அல்ல. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேர வாகன நிறுத்தம், சீனரின் ஏழாம் மாதத்து ஊதுபத்திப் புகை, ஈமச்சடங்கு மேளம், நாயை மின்தூக்கியில் ஏற்றுவது. ஒரு மாதத்துக்கு ஒரு கேள்வி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தைவானில் 2015இல் ஊபர் விவகாரத்துக்குப் பயன்பட்ட போலிஸ் (Pol.is, காவல்துறை அல்ல) என்ற திறந்தநிலைக் கருத்துக்கணிப்புக் கருவி இதற்குப் பொருந்தும். குடியிருப்பவர்கள் 140 எழுத்துக்குள் ஒரு கருத்தை எழுதுவார்கள், மற்றவர்கள் ஒப்புகிறேன், மறுக்கிறேன், தெரியவில்லை என்று போடுவார்கள். மறுமொழி எழுத இடமே இல்லை, அதனால் சண்டையும் இல்லை. ஒத்த மனமுள்ளவர்களைக் கருவி குழுக்களாகப் பிரித்து, எல்லாக் குழுவும் ஒப்பிய கருத்துகளைத் தனியே காட்டும். கூட்டத்தை அந்தக் கருத்துகளிலிருந்து தொடங்குங்கள். 60 பேராவது கலந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிரிப்பு அர்த்தமில்லாமல் போகும். கைப்பேசி பழக்கமில்லாத மூத்தவர்களிடம் வீடு வீடாகப் போய் வாய்வழியாகக் கேட்டுப் பதியுங்கள்.

இன்னொன்று 'பிழை வேட்டை'. செலவே இல்லாதது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். தைப்பூசம், ஹரி ராயா ஹாஜி, ஏழாம் மாதம், விசாக தினம் பற்றி ஒவ்வொரு பக்கம் எழுதும்படி கணினியிடம் கேளுங்கள். அச்சடித்துக் கொடுத்து, ஒவ்வொருவரும் தன் பண்டிகையில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். நிறையவே கிடைக்கும். தைப்பூசத்தில் தீபாவளியைக் கலக்கும். இந்தியர் என்றால் இந்து என்று எழுதும், தமிழ் முஸ்லிமையும் கிறிஸ்தவரையும் சீக்கியரையும் மறந்துவிடும். கோலாலம்பூர்ப் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துப் போக முடிந்தால் ஜார்ஜ்டவுனில் ஒரே சாலையில் இதற்கு விடை காட்டலாம்: தமிழ் முஸ்லிம்கள் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அங்கிருந்து நடை தூரத்தில் 1833இன் மகாமாரியம்மன் ஆலயம், குவான் யின் கோயில், 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம்.

தன் வழக்கத்தை அந்நியர் ஒருவர் தப்பாகச் சொன்னால் கோபம் வரும். கணினி தப்பாகச் சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை, சிரித்துக்கொண்டே திருத்துகிறார்கள். "அப்படியா, அது ஏன் அப்படி?" என்ற கேள்வி பக்கத்து மேசையிலிருந்து தானாக வருகிறது. பல கூட்டங்களில் கேட்கத் தயங்கிய கேள்விகள் இந்த விளையாட்டில் வெளியே வந்துவிடும்.

படி 10: பராமரிப்பு

வெறுப்புப் பேச்சு உடை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சொல் தடைபட்டால் எழுத்தை மாற்றி, எண்ணைக் கலந்து, பழச்சின்னம் போட்டு வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 50 புதிய செய்திகளை அதே மேசையில் வகைப்படுத்தி, பூட்டி வைத்த 200ஓடு சேர்த்துச் சோதியுங்கள். பிடிக்கும் விகிதம் 10இல் 7க்குக் கீழ் இறங்கினால் உதாரணங்களைப் புதுப்பிக்க வேண்டிய நேரம்.

மொழிவாரியாகவும் பாருங்கள். தமிழ்ச் செய்திகள் மலாய்ச் செய்திகளைவிட அதிகமாகத் தவறாக மாட்டினால், அல்லது தலைகீழாக நடந்தால், அதைச் சரிசெய்யும் வரை கருவியை நிறுத்தி மனிதர்களே படிக்கட்டும். ஒரு சமூகத்தை மட்டும் கூர்ந்து பார்க்கும் கருவி அந்த மேசையையே உடைத்துவிடும்.

மாதக் கடைசி ஞாயிறு, அடுத்த முறைக்குள் 90 நாளைத் தொட்டுவிடும் மூலச் செய்திகளை இருவர் முன்னிலையில் அழியுங்கள். கைப்பேசியின் படத்தொகுப்பு, புலனத்தின் தானியங்கி மேகச் சேமிப்பு, மடிக்கணினியின் குப்பைத்தொட்டி என மூன்று இடத்திலும் அழிக்க வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது மேகச் சேமிப்புதான், அதைத் தொடக்க நாளிலேயே அணைத்து வையுங்கள். அழித்த தேதியையும் இருவர் கையெழுத்தையும் மின்தூக்கி அருகில் ஒட்டிய அதே தாளின் கீழ்ப்பகுதியில் எழுதுங்கள்.